எதில் பசுமை? எவ்வளவு பசுமை?

வாசகர் கேள்வி – பதில்

சோப்பு, ஷாம்பு, பற்பசை, முகப்பூச்சு போன்ற அன்றாடப் பொருள்களின் ‘பசுமை’ விளம்பரங்களைப் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் வாங்கிவரும் ஷாம்பு, ஃபேஸ்வாஷ் எல்லாவற்றிலும் ‘பூமிக்கு நல்லது’, ‘சூழலுக்கு உகந்தது’ என்று எழுதியிருக்கிறது. விலை மட்டும் மற்றவற்றைவிட இரு மடங்கு. இவற்றில் எது உண்மை, எது வெறும் விளம்பரம் என்பதைக் கடையில் நின்றபடியே கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: முழு உண்மையையும் கடையில் நின்றபடி கண்டுபிடிக்க முடியாது. ஆனால், எது வெறும் சொல், எது சோதித்துப் பார்க்கத்தக்க செய்தி என்று பிரித்துவிட முடியும். ‘பூமிக்கு நல்லது’ என்பதையே எடுத்துக்கொள்வோம். எது நல்லது? பாட்டிலா, மூடியா, உள்ளே இருக்கும் திரவமா, அதைத் தயாரித்த ஆலையா? எவ்வளவு நல்லது, எதைவிட நல்லது, அப்படிச் சோதித்துச் சொன்னவர் யார்? இவற்றில் ஒன்றுக்கும் அந்தச் சொற்றொடரில் பதில் இல்லை. பொய் என்றும் மெய் என்றும் யாராலும் காட்ட முடியாத இத்தகைய சொற்களைக் காட்டிப் பொருளை விற்பதுதான் ‘கிரீன்வாஷிங்’ எனப்படும் பசுமைப் பூச்சின் மிகப் பரவலான வடிவம்.

இதற்கு மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் குளியலறையில் உள்ள கைகழுவும் திரவத்தின் பாட்டிலில் ‘இந்தப் பாட்டில் 100 சதவீதம் மறுசுழற்சி செய்யப்பட்ட பிளாஸ்டிக்’ என்று எழுதியிருக்கிறது. அதன் கீழேயே, மிகச் சிறிய எழுத்தில்தான் என்றாலும், ‘மூடி, பம்ப், லேபிள் நீங்கலாக’ என்றும் இருக்கிறது. விளம்பரத்துக்கு அந்த இரண்டாவது வரி உதவாது. ஆனால் அந்த வரியைப் படித்த பிறகுதான் எனக்கு முதல் வரியின் மீது நம்பிக்கை வந்தது. தன் கூற்று எதைத் தொடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லும் நிறுவனம், கணக்குப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

இந்தியச் சட்டமும் இப்போது ஏறத்தாழ இதே கேள்விகளைத்தான் கேட்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபர் 15 அன்று பசுமைப் பூச்சைத் தடுப்பதற்கென்றே வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ‘பசுமை’, ‘இயற்கை’, ‘ஆர்கானிக்’, ‘சூழலுக்கு உகந்தது’, ‘பூமிக்கு நல்லது’ போன்ற பொதுச் சொற்களை உரிய விளக்கமும் ஆதாரமும் இன்றிப் பயன்படுத்தக் கூடாது என்றும், கூற்று முழுப் பொருளையும் பற்றியதா, அதன் ஒரு பகுதியையா, உறையையா, தயாரிப்பு முறையையா என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஒன்றைவிட மற்றொன்று மேல் என்று ஒப்பிட்டால், ஒப்பீட்டின் தரவுகளை வெளியிட வேண்டும். ‘2040க்குள் மாசில்லா நிறுவனம்’ என்பது போன்ற வருங்கால வாக்குறுதி தந்தால், அதை அடைவதற்கான தெளிவான செயல்திட்டம் கையில் இருக்க வேண்டும். ஆதாரங்களைக் க்யூஆர் குறியீடு அல்லது இணைய முகவரி வழியாக வாடிக்கையாளருக்குக் காட்டலாம் என்பதால், அடுத்த முறை கடைக்குப் போகும்போது உங்கள் மகளிடம் அந்தக் குறியீட்டைக் கைப்பேசியில் படிக்கச் சொல்லுங்கள். அது சோதனை அறிக்கையையோ சான்றிதழையோ திறக்கிறதா, அல்லது அதே விளம்பரப் படத்தை மறுபடி காட்டுகிறதா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏமாற்றும் நோக்கமில்லாத பொதுவான பச்சை நிறத்தையும் இலைப் படத்தையும் இந்த நெறிமுறைகள் பசுமைப் பூச்சாகக் கருதுவதில்லை. ஆகவே, பாட்டில் பச்சையாக இருப்பதை வைத்துப் புகார் செய்ய இயலாது. அதே காரணத்தால் அந்தப் பச்சையை வைத்து எதையும் நம்பவும் கூடாது.

இந்த எச்சரிக்கை அளவுக்கு மீறியது என்று எண்ண வேண்டாம். ஐரோப்பிய ஆணையம் 2020இல் செய்த ஆய்வில், சந்தையிலிருந்த சுற்றுச்சூழல் கூற்றுகளில் 53 சதவீதம் தெளிவற்றவையாகவோ, தவறாக வழிநடத்துபவையாகவோ, ஆதாரமற்றவையாகவோ இருந்தன.

கேள்வி: ஒரே டப்பாவில் நான்கைந்து முத்திரைகள் இருக்கின்றன. எதை நம்புவது?
– வாசகர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: முத்திரையைக் கொடுத்தவர் யார் என்று பாருங்கள். நிறுவனம் தானே வரைந்துகொண்ட வட்டத்துக்குள் ‘எர்த் ஃப்ரெண்ட்லி’ என்று எழுதினால் அது முத்திரை ஆகாது. வெளி அமைப்பு தந்ததென்றால் அதன் பெயரும், பெரும்பாலும் ஓர் எண்ணும் இருக்கும். அந்த அமைப்பின் இணையப் பட்டியலில் பொருளின் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்பவை சில உண்டு. பற்பசையிலும் சோப்பிலும் காணப்படும் பச்சைப் புள்ளி, அது சைவப் பொருள் என்று மட்டுமே சொல்கிறது. சூழலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஐஎஸ்ஓ 14001 என்பது நிறுவனத்தின் சுற்றுச்சூழல் மேலாண்மை முறைக்கான தரமே தவிர, கையில் இருக்கும் பொருள் பசுமையானது என்ற சான்று அல்ல. பிளாஸ்டிக் உறைக்கான ஈபிஆர் (தான் விற்ற பிளாஸ்டிக்கின் கழிவுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பேற்பது) பதிவு எண் சட்டப்படி இருந்தாக வேண்டிய ஒன்று. அதைப் பெருமையாகப் பெரிதாக அச்சிடுவது, ஓட்டுநர் உரிமத்தைச் சட்டைப்பையில் பதக்கமாகக் குத்திக்கொள்வதைப் போன்றது.

அழகுசாதனப் பொருள்களுக்கான சர்வதேச முத்திரையான ‘காஸ்மாஸ் ஆர்கானிக்’ மதிப்புள்ள சான்று. ஆனால் ஷாம்பு போன்ற கழுவிவிடும் பொருள்களில் மொத்த எடையில் 10 சதவீதம் இயற்கை வேளாண்மையில் விளைந்ததாக இருந்தாலே அதன் ஒரு நிபந்தனை நிறைவேறிவிடுகிறது. இதில் ஏமாற்று ஏதுமில்லை. ஷாம்புவில் பெரும்பகுதி தண்ணீர்தான். தண்ணீரை ‘ஆர்கானிக்’ என்று கணக்கில் சேர்க்க முடியாது. ஆயினும் அந்த முத்திரையைப் பார்த்து, உள்ளிருப்பது முழுவதும் வயலில் விளைந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

நமக்கென்றே ஒரு முத்திரையும் உண்டு. 1991இல் மத்திய அரசு மண்பானைச் சின்னத்துடன் ‘ஈகோமார்க்’ திட்டத்தைத் தொடங்கியது. சோப்பும் அழகுசாதனப் பொருள்களும் அதில் அடங்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் கடை அலமாரியில் அந்தப் பானையைக் காண்பது அரிதாகவே இருந்தது. 2024இல் புதிய ஈகோமார்க் விதிகள் வந்துள்ளன. சொந்தச் செலவில் இலைச் சின்னங்களை வரைந்துகொள்ளும் பெரிய நிறுவனங்கள் இந்தப் பானையை ஏன் கேட்டுப் பெறவில்லை என்பதை வாடிக்கையாளர்கள் அவற்றிடமே கேட்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கேள்வி: ‘மறுசுழற்சி செய்யத்தக்கது’ என்று எழுதிய பாட்டில்களையே பார்த்து வாங்குகிறேன். இப்போது காகித பாட்டில், மூங்கில் மூடி என்றெல்லாம் வருகின்றன. இவை உண்மையில் நல்லவையா?
– வாசகி ஒருவர், சென்னை

பதில்: இந்தக் கேள்விக்கு விடை தேடி, இரண்டு மாதங்களாகச் சேர்த்துவைத்திருந்த காலி டப்பாக்களை ஒரு பையில் போட்டு எங்கள் தெருமுனைக் காயலான் கடைக்கு எடுத்துச் சென்றேன். கடைக்காரர் ஒரு சாக்கை விரித்து எல்லாவற்றையும் அதில் கொட்டினார். ஷாம்பு பாட்டிலைக் கட்டைவிரலால் ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டு ஒரு பக்கம் வைத்தார். ஒளிபுகும் பாட்டில் இன்னொரு பக்கம் போயிற்று. பம்ப் வைத்த பாட்டிலின் தலையைத் திருகிப் பிடுங்கித் தூர எறிந்தார். “உள்ளே ஸ்பிரிங் இருக்குதுங்க. யார் உக்காந்து பிரிக்கிறது?” என்றார். பற்பசை டியூபையும் ஷாம்பு பாக்கெட்டுகளையும் புறங்கையால் என் பக்கமே தள்ளினார். மூங்கில் மூடி போட்ட முகப்பூச்சு டப்பாவை மட்டும் சற்று நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூங்கிலுக்கு உள்ளே மரையுள்ள பிளாஸ்டிக் வளையம் ஒன்று பசையால் ஒட்டப்பட்டிருந்தது. “இது கட்டையும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை” என்று சொல்லி அதையும் தள்ளிவிட்டார்.

பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண், அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே குறிக்கிறது. 1 என்றால் பெட், 2 என்றால் கெட்டியான எச்டிபிஇ, 5 என்றால் மூடிகளுக்குப் பயன்படும் பாலிபுரோப்பிலீன், 7 என்றால் மற்றவை. அந்த முக்கோணம் மறுசுழற்சிக்கான உத்தரவாதம் இல்லை. ஆய்வகத்தில் ‘மறுசுழற்சி செய்யத்தக்கது’ என்பதும், உங்கள் ஊரில் அதை எடைக்கு வாங்க ஆள் இருப்பதும் வேறு வேறு. 1, 2 எண்ணுள்ள, ஒரே பொருளாலான, நிறம் குறைந்த பாட்டில்களுக்குத்தான் நல்ல கேட்பு இருக்கிறது.

காகித பாட்டிலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தென் கொரியாவின் இன்னிஸ்ஃப்ரீ நிறுவனம் தன் முகச் சீரம் ஒன்றை ‘ஹலோ, நான் காகித பாட்டில்’ என்ற பெயர் பொறித்த உறையில் விற்றது. 2021இல் வாடிக்கையாளர் ஒருவர் அதை வெட்டிப் பார்த்தபோது உள்ளே ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது. படம் இணையத்தில் பரவியதும், பெயர் குழப்பம் தந்துவிட்டது என்று நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பிளாஸ்டிக்கைக் குறைத்துக் காகிதத்தால் சுற்றியதால் வழக்கத்தைவிட 51.8 சதவீதம் பிளாஸ்டிக் மிச்சமானது என்றும், காகிதத்தையும் பாட்டிலையும் தனித்தனியே பிரிக்கும் முறை உறையிலேயே தரப்பட்டிருந்தது என்றும் விளக்கியது.

இந்த நிகழ்ச்சியை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக்கைப் பாதியாகக் குறைத்தது உண்மையிலேயே நல்ல வேலை. ‘பாதிப் பிளாஸ்டிக்’ என்று முகப்பில் எழுதியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். செய்த நன்மையைவிடப் பெரிய நன்மையைப் பெயரில் ஏற்றியதால், செய்ததன் மதிப்பும் போயிற்று. பசுமைப் பூச்சு என்பது எப்போதும் முழுப் பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சிறிய உண்மையைப் பெரிய சொல்லால் மூடுவதும் அதுதான்.

‘மக்கும் பிளாஸ்டிக்’ என்ற சொல்லிலும் இதே கவனம் வேண்டும். கம்போஸ்ட் ஆகும் பிளாஸ்டிக்குக்கான ஐஎஸ்ஓ 17088 தரம், 60 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பம் நிலவும் தொழில்முறை உரக்கூடத்தை மனத்தில் கொண்டது. கொல்லைப்புறக் குழியில் புதைத்தாலும் குப்பைமேட்டில் எறிந்தாலும் அது அவ்வாறு மக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மூங்கில் பல்துலக்கியின் பிடி மக்கும்; தூரிகை இழைகள் பெரும்பாலும் நைலான்தான். அவற்றைக் குறட்டால் பிடுங்கிவிட்டுப் பிடியை மட்டும் மண்ணில் போடுங்கள்.

கேள்வி: ‘மூலிகை ஷாம்பு’வில் உண்மையில் எவ்வளவு மூலிகை இருக்கிறது? ‘இயற்கை’ என்றால் சூழலுக்கும் நல்லது என்று பொருளா?
– வாசகர்கள் சிலர், மதுரை, ஈரோடு, புதுச்சேரி

பதில்: முதலில் பாட்டிலின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஆயுர்வேத உரிமத்தில் தயாரான ஷாம்பு என்றால், ‘ஒவ்வொரு 10 மில்லியிலும்’ என்று தொடங்கும் ஒரு பட்டியல் இருக்கும். சீயக்காய், பூந்திக்கொட்டை, கரிசலாங்கண்ணி, நெல்லிக்காய் என்று ஒவ்வொன்றின் தாவரவியல் பெயரும் மில்லிகிராம் அளவும் தரப்பட்டிருக்கும். அந்த அளவுகளைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 300 மில்லிகிராம் என்று வந்தால், பாட்டிலில் ஏறத்தாழ 3 சதவீதம்தான் மூலிகைச் சாறு. பட்டியலின் கடைசியில் ‘ஷாம்பு பேஸ் – க்யூ.எஸ்.’ என்று ஒரு வரி இருக்கும். ‘தேவையான அளவு’ என்பதற்கான லத்தீன் சுருக்கம் அது. மீதி 97 சதவீதமும் அந்த ஒரே வரிக்குள் அடங்கிவிடுகிறது. அதற்குள் இருப்பது பெரும்பாலும் மற்ற ஷாம்புகளில் உள்ள அதே தண்ணீரும் நுரைப்பானும்தான்.

சாதாரண அழகுசாதன உரிமத்தில் தயாரானதென்றால் வேறு வழி இருக்கிறது. 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பதும், 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை அவற்றுக்குப் பின் எந்த வரிசையிலும் எழுதலாம் என்பதும் விதி. பல பொருள்களில் ஃபீனாக்சிஎத்தனால் என்ற பதனப்பொருள் சேர்க்கப்படுகிறது. அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவே 1 சதவீதம். ஆகவே, முகப்பில் பெரிதாகப் படம் போட்ட செம்பருத்தியோ கற்றாழையோ அந்தப் பெயருக்குப் பின்னால் வந்தால், அது 1 சதவீதத்தைத் தாண்டாது என்று கொள்ளலாம்.

முகத்தைத் தேய்த்துக் கழுவும் ஸ்க்ரப் வாங்கினால் ‘பாலிஎதிலீன்’ என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். அது நுண்பிளாஸ்டிக் மணியைக் குறிக்கக்கூடும். கழுவிய நீரோடு அது நேராகச் சாக்கடைக்கும் ஆற்றுக்கும் போகிறது. அமெரிக்கா 2015இலேயே இதற்கு எதிராகச் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் படிப்படியான தடையைத் தொடங்கியது.

இனி இரண்டாவது கேள்வி. ‘இயற்கை’ என்பது ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறதே ஒழிய, அதை எடுத்தபோது அங்கே என்ன நேர்ந்தது என்பதைச் சொல்வதில்லை. சந்தனம் முழுக்க முழுக்க இயற்கையானது. ஆனால் சந்தன மரம் உலக அளவில் அழியும் ஆபத்தை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. முகப்பூச்சுகளில் மினுமினுக்கும் மைக்காவும் மண்ணிலிருந்து எடுத்த இயற்கைப் பொருளே. ஜார்க்கண்டில் அதைத் தோண்டி எடுக்கும் வேலையில் குழந்தைகள் ஈடுபடுத்தப்பட்டது வெளிவந்து உலகெங்கும் அதிர்ச்சியை உண்டாக்கியது. அந்தக் குழந்தைகளைக் கணக்கில் சேர்க்காத எந்தப் பசுமையையும் என்னால் பசுமை என்று ஏற்க முடியவில்லை.

‘சல்பேட் இல்லை’ (சல்பேட் ஒரு நுரைப்பான் வகை), ‘பாரபென் இல்லை’ (பாரபென் ஒரு பதனப்பொருள் வகை) என்பவை தோலைப் பற்றிய கூற்றுகள். சூழலைப் பற்றி அவை எதையும் சொல்வதில்லை.

தலைக்கு உண்மையிலேயே மூலிகைதான் வேண்டும் என்றால், சீயக்காயோடு வெந்தயம், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ ஆகியவற்றைக் காயவைத்து மாவு மில்லில் அரைத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் மறைந்துவிடவில்லை. அதற்கு எந்த முத்திரையும் தேவைப்படுவதில்லை. எல்லாருக்கும் அதற்கு நேரமிருக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஷாம்புவே போடுவதென்றால், வெந்நீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைச் சூடாக்கிக் குளிக்கும் வீடுகளில், ஒரு ஷாம்புவின் வாழ்நாள் கார்பன் சுமையில் மிகப் பெரிய பங்கு ஆலையிலோ பாட்டிலிலோ இல்லை, அந்த வெந்நீரில்தான் இருக்கிறது. இதை முகப்பில் எழுதும் நிறுவனத்தை நான் கண்டதில்லை.

கேள்வி: ‘விலங்குகள் மீது சோதிக்கப்படாதது’ என்று போட்டிருந்தால் கூடுதல் விலை கொடுக்கலாமா?
– வாசகி ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: அதற்காக மட்டும் என்றால் வேண்டாம். அழகுசாதனப் பொருள்களை விலங்குகள் மீது சோதிப்பதை இந்தியா 2014இலேயே தடைசெய்துவிட்டது. அவ்வாறு சோதித்தவற்றை இறக்குமதி செய்வதற்கும் அதே ஆண்டில் தடை வந்தது. சட்டப்படி எல்லாரும் செய்தாக வேண்டியதைத் தன் தனிச் சிறப்பாகக் காட்டுவது வாடிக்கையாளரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். மூலப்பொருள் தருபவர்கள் வரை கண்காணிக்கும் ‘லீப்பிங் பன்னி’ போன்ற சான்று இருந்தால் அது சட்டத்துக்கு மேலான ஒன்று. அதற்கு மதிப்புக் கொடுக்கலாம்.

கேள்வி: நான் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஷாம்பு பாக்கெட்தான் அதிகம் விற்கிறது. படித்தவர்கள் வந்து ‘இதை ஏன் விற்கிறீர்கள்’ என்று கேட்கிறார்கள். வாங்குபவர்களோ அன்றாடக் கூலிக்காரர்கள். ஒரு நிறுவனத்தின் பாக்கெட்டில் ‘பிளாஸ்டிக் பாசிட்டிவ்’ என்று போட்டிருக்கிறது. அதற்கு என்ன பொருள்?
– வாசகர் ஒருவர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: உங்களிடம் பாக்கெட் வாங்குபவர்களை யாரும் குறை சொல்ல உரிமையில்லை. நூற்றுக்கணக்கான ரூபாயை ஒரே நேரத்தில் எடுத்துக் கொடுக்க முடியாத வீட்டுக்கு ஷாம்புவைக் கொண்டுசேர்த்தது அந்தச் சிறிய பாக்கெட்தான். அதன் பிறப்பிடமும் உங்களுக்கு வெகு தொலைவில் இல்லை. ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் முறைக்கு முன்னோடியாகக் கருதப்படுபவர் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் தொடங்கிய சிக் ஷாம்பு அதைச் சிற்றூர்களுக்கெல்லாம் கொண்டுசென்றது.

சிக்கல் அந்தப் பாக்கெட்டின் உடம்பில் இருக்கிறது. பாலியெஸ்டர், அலுமினியப் பூச்சு, பாலிஎதிலீன் என்று வெவ்வேறு பொருள்களை மெல்லிய அடுக்குகளாக ஒட்டி அதைச் செய்கிறார்கள். அவற்றை மீண்டும் பிரிப்பது கட்டுப்படியாகாது. எடையும் இல்லாததால் பொறுக்குபவர்கள் குனிந்து எடுப்பதில்லை.

‘பிளாஸ்டிக் பாசிட்டிவ்’ என்றால், தான் விற்ற பிளாஸ்டிக்கின் எடையைவிட அதிக எடையுள்ள பிளாஸ்டிக்கை எங்கோ சேகரிக்கப் பணம் கொடுத்ததாக அந்த நிறுவனம் சொல்கிறது. சேகரித்தது அதே பாக்கெட்டா, வேறு ஏதேனும் ஒன்றா? எந்த ஊரில் சேகரித்தது? சேகரித்த பிறகு அது என்ன ஆயிற்று? மறுசுழற்சி செய்ய முடியாத பிளாஸ்டிக்கைச் சிமெண்ட் சூளையில் எரிக்கவும் சாலை போடவும் விதிகள் இடமளிக்கின்றன. பிளாஸ்டிக் கழிவைத் தாரோடு கலந்து சாலை போடும் முறையை உருவாக்கியவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர்.வாசுதேவன்; 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். குப்பைமேட்டில் கிடப்பதைவிட அது பன்மடங்கு மேல். ஆனாலும் சாலையில் போன பாக்கெட் மறுபடி பாக்கெட் ஆவதில்லை. அடுத்த பாக்கெட்டுக்குப் புதிதாகப் பிளாஸ்டிக் வேண்டும். அதை எல்லாம் ‘பாசிட்டிவ்’ என்ற ஒரே சொல்லில் அடைப்பது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

பாக்கெட்டுகளைத் திரும்பச் சேகரிக்கவே முடியாது என்று நிறுவனங்கள் சொல்லும்போது எனக்கு ஒரு பழைய செய்தி நினைவுக்கு வரும். சிக் ஷாம்பு தொடக்க காலத்தில் ஒரு பரிமாற்றத் திட்டம் நடத்தியது. எந்த நிறுவனத்தின் காலிப் பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்தைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். பின்னர் சிக் பாக்கெட்டுகளுக்கு மட்டும் என்று அதை மாற்றினார்கள். சூழலைக் காப்பதற்காக அதைச் செய்யவில்லை, விற்பனைக்காகச் செய்தார்கள். ஆனாலும், உங்களைப் போன்ற கடைக்காரர்களின் மேசை வழியாகவே காலிப் பாக்கெட்டுகள் திரும்பி வந்தன. விற்பனைக்காகச் செய்ய முடிந்ததைக் கழிவுக்காகவும் செய்ய முடியும். அடுத்த முறை விற்பனைப் பிரதிநிதி வரும்போது, காலிப் பாக்கெட்டுக்கு என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். பெரிய கேனிலிருந்து அளந்து ஊற்றி விற்க ஏற்பாடு உண்டா என்றும் கேளுங்கள். பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து கேட்டால் அந்தக் கேள்வி மேலே போய்ச் சேரும்.

கேள்வி: யூடியூபில் ஒருவர் பரிந்துரைத்ததை நம்பி ‘முழுவதும் மக்கும்’ என்ற பொருளை வாங்கினேன். உள்ளே பிளாஸ்டிக் உறை இருந்தது. யாரிடம் முறையிடுவது?
– வாசகர் ஒருவர், சேலம்

பதில்: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொருளின் முகப்பு, பின்பக்கம், உள்ளே இருந்த உறை, ரசீது ஆகியவற்றின் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு அழையுங்கள். பரிந்துரைத்தவரின் காணொளி இணைப்பையும் சேருங்கள். 2024 நெறிமுறைகள் விளம்பரத்தில் பரிந்துரைப்பவரையும் கட்டுப்படுத்துகின்றன. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் அதே குற்றம் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் விதிக்கலாம்.

கேள்வி: பொள்ளாச்சிப் பகுதியில் நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து சோப்பு செய்கிறோம். தேங்காய் எண்ணெய் பாதிக்கு மேல். கெட்டியாக வருவதற்காகப் பாமாயிலும் சேர்க்கிறோம். ‘100% இயற்கை, சூழலுக்கு உகந்தது, பிளாஸ்டிக் இல்லாதது’ என்று உறையில் அச்சிட எண்ணினோம். நம் இதழைப் படிக்கும் உறவினர் ஒருவர் இப்படிப் போடக் கூடாது என்கிறார். நாங்கள் யாரையும் ஏமாற்றவில்லையே?
– வாசகிகள், பொள்ளாச்சி

பதில்: நீங்கள் ஏமாற்றவில்லை என்பது உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. பாமாயிலைச் சேர்ப்பதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதை உறையிலும் எழுதிவிட்டால் போதும். முதலில், சோப்பு விற்பதற்கு மாநில அரசின் அழகுசாதனப் பொருள் தயாரிப்பு உரிமம் வேண்டும். இல்லையென்றால் அதைப் பெற்ற பிறகே மற்றவை.

நீங்கள் அனுப்பிய மாதிரி உறை காகிதம்தான். ஆனால் அதைக் கிழித்துப் பார்த்தபோது உட்புறம் மெல்லிய படலம் ஒன்று தனியே உரிந்து வந்தது. அச்சகத்தில் செய்யும் லேமினேஷன் அது, பிளாஸ்டிக். அச்சகத்தார் உங்களிடம் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்தப் படலம் இருக்கும் வரை ‘பிளாஸ்டிக் இல்லாதது’ என்று போட முடியாது. லேமினேஷன் வேண்டாம் என்று சொல்லி அச்சடித்தால் போடலாம்.

பாமாயிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உலகில் அதை மிக அதிகமாக இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. அங்கே மழைக்காடுகளை அழித்துத் தோட்டம் போட்டதால் ஒராங்குட்டான் போன்ற உயிர்கள் இருப்பிடம் இழந்தன. அதற்காகப் பாமாயிலே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதே அளவு எண்ணெய்க்கு மற்ற எண்ணெய்ப் பயிர்களைவிடப் பாமாயில் தரும் செம்பனைக்கு மிகக் குறைந்த நிலம் போதும்; எல்லாரும் வேறு எண்ணெய்க்கு மாறினால் வேறு காடுகள் அழியக்கூடும். எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்பதே இங்கு முக்கியம். 2004இல் தொடங்கப்பட்ட ஆர்எஸ்பிஓ (நீடித்த பாமாயிலுக்கான வட்டமேசை) அமைப்பு இதற்குச் சான்று தருகிறது. ஆனால் அதிலும் படிகள் உள்ளன. சான்று பெற்ற எண்ணெயைத் தனியாகவே பிரித்துக் கொண்டுவருவது ஒரு படி; சான்று பெற்றதையும் பெறாததையும் கலந்து கணக்கில் மட்டும் சமன் செய்வது இன்னொன்று; எண்ணெயைத் தொடாமலேயே சான்றுக்கான தொகையை மட்டும் செலுத்துவது மற்றொன்று. மூன்றுக்கும் ஒரே சின்னம்தான் என்றாலும், அதனருகே எழுதியிருக்கும் சொல் வேறுபடும். பெரிய நிறுவனங்களின் சோப்பில், பாமாயிலிலிருந்து செய்யப்படும் ‘சோடியம் பாமேட்’ என்ற பெயரைப் பார்த்தால் இதைத்தான் கேட்க வேண்டும். நீங்கள் சில்லறையில் வாங்கும் பாமாயிலுக்கு இந்தச் சான்று கிடைப்பது கடினம். ஆகவே அதன் பங்கைக் குறைக்க முயலுங்கள். உங்களைச் சுற்றிப் பல தலைமுறைகளாக இருக்கும் தென்னந்தோப்புகளின் எண்ணெய்க்காக யாரும் புதிதாகக் காட்டை வெட்டப்போவதில்லை.

காஸ்டிக் சோடா சேர்த்துத்தான் சோப்பாகிறது என்பதால், ‘100% இயற்கை’யையும் விட்டுவிடுங்கள். ‘சூழலுக்கு உகந்தது’ என்பதையும் நீக்குங்கள். அவற்றுக்குப் பதிலாக உறையின் முகப்பில் இப்படி எழுதிப் பாருங்கள்:

‘பொள்ளாச்சித் தேங்காய் எண்ணெயில் செய்தது. எண்ணெயில் 65 சதவீதம் தேங்காய் எண்ணெய், 35 சதவீதம் பாமாயில். பாமாயிலுக்குச் சான்று இல்லை, குறைத்துவருகிறோம். உறை: படலம் ஒட்டாத காகிதம், பழைய பேப்பர் கடையில் போடலாம்.’

சதவீதத்தை உங்கள் உண்மைக் கணக்குப்படி மாற்றிக்கொள்ளுங்கள். சந்தையில் இப்படி எழுதிய சோப்பைப் பார்த்தால் நான் வாங்குவேன். அச்சிடும் முன் ஒரு பிரதியை எங்களுக்கு அனுப்பிவைத்தால், எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.